ஆறு நூல் பம்பு

கஸ்தூரியால் கிளச்சை அமுக்க முடியாது என்பது மாசாய் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான், கிளச்சே இல்லாத தன் காருக்குக் கிளச்சு வைக்க வேண்டும் என்று அவள் சுகுமாறனின் பட்டறையில் வந்து நின்றாள். ஒரு கையில் அலுமினிய ஊன்றுகோல். இன்னொரு கையில் அட்டையில் வெட்டிய ஒரு கியர் பெட்டி.

சுகுமாறன் கையைத் துடைத்துக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தான். அவன் பாலோ ஊர்க்காரன். மாசாயில் போமென், அதாவது கார் மெக்கானிக், என்றால் பலருக்கும் அவன்தான் நினைவுக்கு வருவான். கஸ்தூரியை விட நாலைந்து வயது இளையவன்.

"அக்கா, யோசிச்சுத்தான் பேசுறீங்களா? கால் போனவங்க கியர் காரைக் கிளச்சில்லாத ஆட்டோ காரா மாத்தச் சொல்லி வருவாங்க. நீங்க ஆட்டோவ கியரா மாத்தச் சொல்றீங்க."

"கால் போகல. தொடை எலும்பு உடைஞ்சுச்சு. தகடு வச்சு ஒட்டியாச்சு."

"ஒட்டின காலை வச்சுக்கிட்டு உங்களால ரோட்டைத் தாண்ட முடியலலா."

"ரோட்டைத் தாண்டுறதுக்கா எனக்குச் சம்பளம் குடுத்தாங்க? லாரி ஓட்டுறதுக்குத்தானே."

அவன் அட்டைப் பெட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

கஸ்தூரி ஓட்டியது செம்பனை எண்ணெய் லாரி. பாலோ பக்கத்து ஆலைகளில் எண்ணெய் ஏற்றி, பாசிர் கூடாங் துறைமுகத்தில் இறக்குவாள். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டு, ஆலைப் பட்டறையில் ஃபிட்டர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனவள், அங்கேயே லாரி ஓட்டக் கற்றுக்கொண்டாள். எண்ணெய் லாரி மற்ற லாரி மாதிரி இல்லை. பிரேக் போட்டால் லாரி நிற்கும், உள்ளே இருக்கும் எண்ணெய் நிற்காது. முன்னால் வந்து மோதித் தள்ளும். அதனால் கியர் மாற்றுவது தெரியாமல் மாற வேண்டும். கஸ்தூரி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த கியரில் போகிறது என்றே தெரியாது. துறைமுகத்து ஆண்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு அவள் பின்னோக்கி எடுத்து நிறுத்துவதைப் பார்ப்பதற்காகவே தேத்தண்ணீர்க் கோப்பையோடு வெளியே வந்து நின்றார்கள். இத்தனை வருஷத்தில் லாரியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. விபத்து நடந்தது லாரியில் அல்ல. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது, சந்துக்குள்ளிருந்து திரும்பிப் பார்க்காமல் வந்த ஒரு காரால்.

எலும்பு கூடியது. தொடைச் சதைதான் கூடவில்லை. இடது தொடை பாதியாக வற்றிப் போயிருந்தது. முழங்காலை முக்கால்வாசி நீட்ட முடிந்தது, கடைசிக் கொஞ்சம் நீட்ட வரவில்லை. அந்தக் கடைசிக் கொஞ்சத்தில்தான் கிளச்சு இருக்கிறது.

கம்பெனியில் போக்குவரத்தைப் பார்க்கும் அம்பிகைபாகன் கெட்டவர் இல்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கண்ணியமான ஆள். ஆஸ்பத்திரிக்கும் வந்து பார்த்தார். ஆனால் பேச்சில் வளைவு கிடையாது.

"கஸ்தூரி, எங்களிட்ட ஆட்டோ லாரி ஒண்டும் இல்லை. தீபாவளிக்கு முதல் ஒரு நாள் வந்து, நிறைஞ்ச லாரியத் தராசு மேட்டுல நிப்பாட்டி, பின்னுக்கு உருளாமல் எடுத்துக் காட்டும். கால் நிண்டால் லாரி உமக்கு. நிக்கேல்லை எண்டால் தராசு அறையில ஒரு கதிரை இருக்கு. அதுல இரும்."

தராசு அறை என்பது, லாரிகள் ஏறி எடை பார்க்கும் மேட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை. உள்ளே உட்கார்ந்து, வருகிற லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் ஓட்டிக்கொண்டு போவதை நாள் முழுதும் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். 

காலைப் பழக்க வேண்டும். லாரியைப் பழகக் கொடுக்க யாரும் தயாராக இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னக் கஞ்சில் காரை இரவல் வாங்கி முயன்று பார்த்தாள். அந்தக் கிளச்சு சோற்றுக் கரண்டி மாதிரி லேசாக இருந்தது. அதில் ஒரு வருஷம் பழகினாலும் லாரிக்கு உதவாது. அப்போதுதான் அக்காள் வீட்டு முன்னால் தார்ப்பாய் மூடிக் கிடந்த செலிக்கா அவள் கண்ணில் பட்டது.

எழுபதுகளில் வந்த கார் அது. நீண்ட மூக்கு, இரண்டே கதவு. இளம் வயதில் ஆயர் ஈத்தாமில் லாரியை நிறுத்திச் சாப்பிட்டபோது, ஒரு மண்பாண்டக் கடையின் பின்கொட்டகையில், பூச்சட்டிகளுக்கு நடுவே அதைப் பார்த்தாள். இன்ஜின் செத்துப் போன ஆட்டோ கார். வாங்கிக் கட்டி இழுத்து வந்துவிட்டாள். என்றைக்காவது நல்ல இன்ஜின் வைத்து, கியராக மாற்றி ஓட்ட வேண்டும் என்று ஆசை. லாரி வேலையில் நேரம் கிடைக்கவில்லை. அவளுடைய அக்காள் பிரேமலா அந்தக் காரால் துணி காயப்போட இடமில்லாமல் இத்தனை வருஷம் முணுமுணுத்துக் கொண்டிருந்தாள்.

"இது ஓடுச்சுன்னா நான் மொட்டை போடுறேன்" என்று பிரேமலா சொல்லியிருந்தாள்.

விபத்துக்குப் பிறகு தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்ததும், குளிக்க வைத்துக் காலுக்கு எண்ணெய் தேய்த்ததும் அதே பிரேமலாதான். பட்டறைக்குப் போகிறேன் என்று கஸ்தூரி சொன்னபோது அவள் தடுக்கவில்லை. "மொட்டைக்கு நான் ரெடி" என்றாள்.

திட்டம் போடுவதில் கஸ்தூரியை மிஞ்ச முடியாது. ஒரு சாமானை வாங்கும் முன் இருமுறை அளப்பாள். ஜப்பானிலிருந்து முன்பாதியை மட்டும் அறுத்து அனுப்பும் கார்களை இங்கே ஹாஃப் கட் என்பார்கள். அப்படி வந்த ஓர் ஆல்டெசாவின் இன்ஜினையும் அதோடு ஒட்டிய ஆறு கியர் பெட்டியையும் தேர்ந்தெடுத்தாள். அதை அப்படியே தூக்கி வைத்துவிட முடியாது. பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் செலிக்காவின் வயிற்றை வரைந்தாள். அட்டையில் வெட்டிய இன்ஜினை அதன் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி முன்சக்கரக் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். அதை அறுத்துப் பின்னால் தள்ளி ஒட்ட வேண்டும். கியர் பெட்டி நீளம், நடுப்பள்ளத்தைச் சுத்தியால் அகலப்படுத்த வேண்டும். கியர் கம்பி வருகிற இடம் ஒரு சாண் பின்னால் போகிறது, அங்கே புதுத் துளை. பின்சக்கரத்துக்குப் போகிற சுழல் தண்டைக் குறைக்க வேண்டும். பிறகு அரசாங்க அனுமதி, சோதனை, கிராந்து என்கிற வண்டிப் பதிவுப் பத்திரத்தில் இன்ஜின் நம்பர் மாற்றம்.

ஆட்டோ காரில் கிளச்சு மிதியே கிடையாது. அகலமாக ஒரு பிரேக் மிதி மட்டும் இருக்கும். கஸ்தூரி தரையில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டில், கிளச்சு பம்பு உட்கார வேண்டிய இடம் துளையிடப்பட்டு, ஒரு சின்ன மூடியால் அடைக்கப்பட்டிருந்தது.

"சுகு, இங்க பாரு. செஞ்சவனே எடம் விட்டு வச்சிருக்கான்."

அந்த மூடியை அவள் விரலால் தடவிப் பார்த்த விதத்தைக் கண்டதும், இந்த வேலையை எப்படியாவது முடித்துக் கொடுத்துவிடுவது என்று சுகுமாறன் மனதுக்குள் முடிவு செய்துகொண்டான்.

பம்பு எது என்பதில் மட்டும் சண்டை வந்தது. ஆலைப் பட்டறைகளில் பழகியவர்களுக்கு நூல் கணக்குத்தான் வரும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். சீனர் கடையில் அதையே ஹூன் என்பார்கள். கிளச்சு பம்பின் உள்துளை ஐந்து நூலிலும் உண்டு, ஆறு நூலிலும் உண்டு. ஐந்து நூல் என்றால் மிதி லேசாக இருக்கும், ஆனால் கொஞ்சம் எண்ணெயைத்தான் தள்ளும். ஆறு நூல் நிறையத் தள்ளும், கிளச்சு சுத்தமாக விடும், கால்தான் வலிக்கும்.

"அஞ்சு போதும்கா."

"கிளச்சுத் தட்டு கனமானது போடச் சொல்லியிருக்கேன். அதுக்கு அஞ்சு பத்தாது. ஆறு போடு."

"இப்ப இருக்கிற காலுக்கு ஆறு தாங்காது."

"தாங்கணும். லாரி தாங்கச் சொல்லும்ல."

ஆறு நூல் பம்புதான் போட்டான். இன்ஜின் உட்கார்ந்து, குழாய் பூட்டி, பம்புக்கு எண்ணெய் ஊற்றிக் காற்றெடுத்த அன்று மத்தியானம், கஸ்தூரி ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி மிதியின் மேல் வைத்தாள். அமுக்கினாள்.

மிதி பாதி தூரம் போயிற்று. அங்கே தொடை நடுங்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்தாள், இருக்கையைப் பிடித்துக்கொண்டு உடம்பையே தள்ளினாள். மிதி அவள் காலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி வந்தது. நாலாவது தரம் செருப்பு வழுக்கி முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. பத்து டன் லாரியைப் பூப்போல நகர்த்திய கால். ஒரு இரும்புத் துண்டு அதைப் பிடித்துத் திருப்பித் தள்ளுகிறது. இதற்காகவா இத்தனை அளந்தோம், இத்தனை அறுத்தோம் என்று அவளுக்குள் ஏதோ சரிந்தது.

கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை மேலே ஏற்றினாள். அப்புறம் அழுதாள். கண்ணாடி ஏற்றிவிட்டால் சத்தம் வெளியே வராது என்று நினைத்திருந்தாள். பட்டறையில் எல்லாருக்கும் கேட்டது. சுகுமாறன் தேவையே இல்லாமல் அரைக்கும் மிஷினைப் போட்டு, ஒரு பழைய இரும்பை அரைத்துக் கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அவள் வந்தபோது மிதி கீழே போயிற்று.

கஸ்தூரி நம்பாமல் இன்னொரு தரம் அமுக்கினாள். கனமாகத்தான் இருந்தது. தொடை நடுங்கத்தான் செய்தது. ஆனால் போயிற்று. தரைவரை போயிற்று.

"லேசாயிருக்கே, சுகு."

"புது ரப்பர்கா. பழகப் பழக இளகும்."

எதையும் இருமுறை அளக்கிறவள் அன்று ஒருமுறைகூட அளக்கவில்லை. வீட்டுக்குப் போய் அக்காளிடம் சொன்னாள். பிரேமலா சாமி படத்துக்கு முன்னால் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு, கண்ணாடி முன் நின்று தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு கஸ்தூரியைப் பிடிக்க முடியவில்லை. சோதனை முடிந்து கிராந்து மாறி வந்ததும், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் சாலையில் காரை ஓட்டிப் பழகினாள். வலித்தது. வலியோடு அமுக்கினாள். கால் மாலையில் வீங்கும், காலையில் மறுபடி போவாள். நாளுக்கு நாள் கூடுதல் நேரம் பிடித்து நிறுத்த முடிந்தது. அம்பிகைபாகனுக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை வருகிறேன் என்றாள். அவர் குரலில் ஆச்சரியம் தெரிந்தது. "சந்தோசம், கஸ்தூரி" என்றார்.

சனிக்கிழமை காலை பின் கியர் போடும்போது கரகரவென்று பல் கடிக்கும் சத்தம் வந்தது. முன்பும் ஓரிரு தரம் வந்திருந்தது. தன் கால் முழுதாக அமுக்கவில்லை என்று நினைத்து விட்டுவிட்டாள். இன்று மிதியின் அடியில் கை விட்டுத் தடவிப் பார்த்தாள். மிதி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கால் முழுதாக அமுக்கியிருக்கிறது. கிளச்சுத்தான் முழுதாக விடவில்லை.

வண்டியை ஓரம் கட்டினாள். முன்மூடியைத் திறந்து பம்பைத் துணியால் துடைத்தாள். வார்ப்பிலேயே எழுதியிருந்தது: 5/8. ஐந்து நூல்.

இன்னொரு தரம் துடைத்துப் பார்த்தாள். அவள் கால் தேறவில்லை. பம்பு தேறியிருக்கிறது. மிதியின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை யாரோ எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை வைத்து அவள் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பட்டறையில் சுகுமாறன் ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டான்.

"என்னிக்கு மாத்தினே?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"கேக்குறேன்ல?"

"நீங்க கண்ணாடிய ஏத்திட்டு அழுத மறுநாள்."

"ஏன்?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? ஆறுதல் சொல்ல எனக்கு வராது. போமெனுக்கு ஸ்பேனர் பிடிக்கத்தான் தெரியும்."

"திங்கக்கிழமை லாரிக்கும் வந்து பம்பு மாத்துவியா?"

சுகுமாறன் தலை குனிந்து கையில் ஒட்டிய எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "கால் தேறும்போது திருப்பி ஆறைப் போடலாம்னு இருந்தேன். நீங்க இவ்ளோ சீக்கிரம் போன் போடுவீங்கன்னு யாரு கண்டா, அலமாக்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"பழைய பம்பு எங்க?"

"இருக்கு."

"போடு."

"அக்கா, இன்னும் ரெண்டு நாளுதான். இப்ப மாத்தினா மனசு விட்டுடும்."

"மனசு எப்பவோ விட்டாச்சு. நீ போடு."

ஆறு நூல் திரும்ப ஏறியது. இந்தத் தடவை மிதி முக்கால்வாசி போயிற்று. முன்பு பாதியில் நின்றது, இப்போது முக்காலில். கடைசிக் கொஞ்சத்தை அவள் ஒரே ஒரு தரம் தாண்டினாள். பிடித்து நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க முயன்றும் அதே முக்கால்தான். மாலையில் கால் உணர்ச்சியற்றுத் தொங்கியது. "போன் போட்டு வரலைன்னு சொல்லிடு" என்றாள் பிரேமலா. கஸ்தூரி போனை எடுத்தாள், திரும்ப வைத்தாள். கேட்டால் இன்னொரு தேதி கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை பிரேமலா லீவு போட்டுவிட்டு அவளோடு கிராப் வாடகைக் காரில் பாசிர் கூடாங் போனாள்.

அவளுடைய லாரியையே எடுத்து நிறுத்தியிருந்தார்கள். இப்போது அதை வேறொருவன் ஓட்டுகிறான். டாஷ்போர்டில் அவள் ஒட்டியிருந்த முருகன் படம் இல்லை. பசை காய்ந்த சதுரம் மட்டும் இருந்தது. வலது காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்து உட்கார்ந்தாள். இடது காலைத் தூக்கி வைத்தாள். கீழே அம்பிகைபாகன் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார்.

அமுக்கினாள். போயிற்று. காரைவிட உயரமான இருக்கை, உடம்பின் பாரமும் சேர்ந்து அமுக்கியது. கியர் விழுந்தது, லாரி அசைந்தது. அந்த அசைவு முதுகில் ஏறியதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பக்கத்தில் ஒருவன் இருந்திருந்தாலும் கியர் மாறியது அவனுக்குத் தெரிந்திருக்காது. தராசு மேட்டில் பாதி ஏறி நிறுத்தினாள்.

"பிடிச்சு வையும்" என்று அம்பிகைபாகன் கை காட்டினார்.

கிளச்சு கீழே. எண்ணெய் தொட்டிக்குள் பின்னால் போய் முன்னால் வந்து ஒரு தள்ளுத் தள்ளியது. தொடை நடுங்கத் தொடங்கியது. பின்கண்ணாடியில் பார்த்தாள். மேட்டுக்குக் கீழே வேலைக்கு வந்த ஆட்கள் மோட்டார் சைக்கிள்களில் வரிசையாகக் காத்திருந்தார்கள். ஒருவன் பின்னால் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தான். அவள் தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

இடது கையை முழங்கால் மேல் வைத்து அழுத்தினால் போதும். கதவு உயரம். கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. கை முழங்காலுக்குப் போயிற்று. அங்கே போய் நின்றது. இந்தக் கையும் ஐந்து நூல் பம்புதான்.

கை பிரேக்கை இழுத்தாள். நியூட்ரலுக்குத் தள்ளினாள். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"சார், கால் நிக்கல."

 அம்பிகைபாகன் கிட்ட வந்து, லாரியின் கதவில் கையை வைத்தார்.

"நீர் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் சார். எனக்கு."

"லாரியை வேற ஆளுக்குக் குடுக்கத்தான் வேணும். தை மாசம் கிழவன் ஒருத்தன் ஓய்வு எடுக்கிறான். அப்ப இடம் வரும். வராமலும் போகும். நான் உறுதி சொல்லேல்லை." அவர் தராசு அறைப் பக்கம் கையைக் காட்டினார். "அதுவரைக்கும் தராசு அறைக் கதிரை கிடக்கு."

கஸ்தூரி கம்பியைப் பிடித்து மெதுவாகக் கீழே இறங்கினாள். வேறொருவன் ஏறி லாரியை மேட்டிலிருந்து இறக்கிக்கொண்டு போனான். அவன் கியர் மாற்றியது தெரு வரை கேட்டது.

மாசாய்க்குத் திரும்பும் வழியில் பிரேமலா காரை நிறுத்தச் சொல்லி, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டாள். வீட்டுச் சந்துக்கு வந்ததும், "பட்டறைக்கு விடுங்க" என்று கஸ்தூரி கிராப் ஓட்டுநரிடம் சொன்னாள்.

சுகுமாறன் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். உள்ளே போய் ஒரு துணியில் சுற்றிய பம்பை எடுத்து வந்தான்.

"அஞ்சைப் போட்டுடட்டுமாக்கா? சும்மா ஜாலியா ஓட்டலாம். கார் நல்லா வந்திருக்கு."

"ஆறே இருக்கட்டும்."

அவள் செலிக்காவுக்குள் ஏறினாள். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி மிதியில் வைத்தாள். முக்கால் போயிற்று. திரும்பி வந்தது. முக்கால் போயிற்று. திரும்பி வந்தது. கண்ணீர் தாடை வரை வந்து மடியில் விழுந்தது. துடைக்க இருக்கையிலிருந்து கையை எடுத்தால் பிடி விட்டுப் போகும் என்று அவள் துடைக்கவில்லை.

பிரேமலா ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"சாப்பிட்டுட்டு அமுக்குடி. மிதி எங்கயும் ஓடிடாது."

"கார் ஓடுது. நீ இன்னும் மொட்டை போடல" என்றாள் கஸ்தூரி, மிதியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"லாரி ஓடட்டும். சேத்துப் போட்டுக்கிறேன்."

மறுபடி முக்கால். சுகுமாறன் அரைக்கும் மிஷினைத் தொடவில்லை. பட்டறை முழுக்க அவள் மூச்சு வாங்குவதும் விம்முவதும் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடியை அவள் ஏற்றவில்லை.